வாய்விட்டு வாசிக்கச் சொன்னவர்

கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே. பையை மேல வைக்கலாந்தான், வைக்க மாட்டேன். போன தடவை மேல வச்சேன், எவனோ ஒருத்தன் கருவாட்டுச் சாக்கை அது மேல சாத்திட்டான். நாலு அத்தியாயம் இன்னும் நெத்திலி வாடை அடிக்குது. அதை அப்படியே பத்திரிகைக்கு அனுப்புனேன். திருப்பி அனுப்பிட்டாய்ங்க. வாடைக்காக இல்லண்ணே, வாடை இல்லாதப்பவும் திருப்பித்தான் அனுப்புனாய்ங்க.

ஆமா, நாவல். என்ன அப்படிப் பாக்குறீங்க? இது நாவல் எழுதுற மூஞ்சியான்னுதானே? எங்க ஊர்லயும் அப்படித்தான் பாக்குறாய்ங்க. நான் படிச்சது நாலாப்பு. அஞ்சாப்பு வாசல் வரைக்கும் போனேன், உள்ள ஒரே கூட்டமா இருந்துச்சு, திரும்பி வந்துட்டேன். தொழில் மைக் செட்டு. கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, எதுன்னாலும் 'கூப்பிடுறா முத்திருளை'ம்பாய்ங்க. வேப்பமரத்துல ஏறிக் கொழாயைக் கட்டிவிட்டேன்னா மூணு ஊருக்குக் கேக்கும். அருப்புக்கோட்டைக்குக் கெழக்க எங்க ஊரு. பேரு சொன்னா உங்களுக்குத் தெரியாது. அங்க வர்ற பஸ்ஸு டிரைவருக்கே பாதி நாள் தெரியாது.

நீங்க ஈரோடா? அட, நல்லதாப் போச்சு. நானும் அங்கதான் போறேன். உங்ககிட்ட ஒரு இடம் வெசாரிக்கணும். இருங்க, முன்கதை சொல்லாமக் கேட்டா வெளங்காது. கரூர் தாண்டுறதுக்குள்ள சொல்லி முடிச்சிடுறேன். கடலை எடுத்துக்கங்க.

மைக் செட்டுக்காரன் இருக்கானே, அவன் கேக்காத கதை கிடையாதுண்ணே. கல்யாண வீட்டுல அழணும்னாலும் சண்டை போடணும்னாலும் பந்தலுக்குப் பின்னாடி எங்கிட்டதான் வருவாய்ங்க. ஆம்ப்ளிபயர் பக்கத்துல உக்காந்திருக்கவனையும் ஆம்ப்ளிபயர்னே நெனச்சுக்குவாய்ங்க. அவ்வளவும் காதுல கெடக்கே, எறக்கி வச்சா என்னன்னு எழுத ஆரம்பிச்சேன். எழுதினேன்னு சொல்றது பேச்சுக்குத்தான். நான் சொல்லுவேன், எம் பொண்டாட்டி மாரீஸ்வரி எழுதுவா. அவ பன்னெண்டாப்பு. முத்து முத்தா கையெழுத்து. நடுவுல நிறுத்தி, 'இந்த ஜமீன்தாரு இப்பத்தானே செத்தாரு, மறுபடி ஏன் காபி குடிக்கிறாரு?'ம்பா. 'ஆவிக்குத் தாகம் எடுக்காதாடி'ம்பேன். சிரிச்சுக்கிட்டே எழுதுவா.

மொத நாவல் அந்த ஜமீன்தாரு. மதுரையில ஒரு பத்திரிகைக்கு அனுப்புனேன். அந்த ஆசிரியர் பேரு என்னமோ, நான் வச்ச பேரு 'வருந்துகிறோம்'. அச்சடிச்ச சீட்டுல ஒரே வரி: 'தங்கள் படைப்பைப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' நான் விடல. 'ஐயா, நீங்க வருந்தாதீங்க, அதை நான் பாத்துக்கிறேன், நீங்க போட்டா மட்டும் போதும்'னு பதில் போட்டேன். அதுக்கும் வருந்துனாரு. மனுசன் வீட்டுல என்ன கஷ்டமோ.

அப்புறந்தான் கோயம்புத்தூர் ஆளு. அங்க ஒரு பதிப்பகம், ஒரு பத்திரிகையும் நடத்துறாய்ங்க. அந்த ஆசிரியர் பேரு வேணாம்ணே. என்னை நாசம் பண்ணுனவரு, இருந்தாலும் நான் யாரையும் காட்டிக்குடுக்குற ஆளு இல்ல. அவருதான் மொதமொதல்ல கையால எழுதி அனுப்புனாரு. 'அன்புள்ள முத்திருள், உங்கள் ஜமீன்தாரை நம்ப முடியவில்லை. அவருடைய குதிரையை நம்ப முடிகிறது. நீங்கள் கண்ணால் கண்டதை எழுதினால் என்ன? உங்கள் வீட்டில், தெருவில் நடந்ததை?' அப்படின்னு. எனக்குத் தூக்கமே இல்ல. குதிரையைப் பாராட்டிட்டாரேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

வீட்டுல என்ன நடந்துச்சுன்னு யோசிச்சேன். எங்க வீட்டுல ஒண்ணும் நடக்கல. எங்க மாமனார் வீட்டுலதான் நடந்துச்சு.

மாரீஸ்வரிக்கு ஒரு தங்கச்சி, முனீஸ்வரி. ஒரு பையனோட போயிட்டா. தையல் வேலை தெரிஞ்ச பையன், தங்கமான பையந்தான், ஆனா வேற ஆளுங்க. உங்களுக்கு நான் வெளக்கணுமா என்ன. மாமனார் வீட்டுல என்ன பண்ணுனாய்ங்கன்னா, அந்தப் புள்ள உசுரோட இருக்கும்போதே அதுக்குக் கருமாதி பண்ணிட்டாய்ங்க. மொட்டை போட்டு, பந்தல் போட்டு, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு. மைக் செட்டு யாரு? நாந்தான். 'மாப்ள, வீட்டு விசேசத்துக்கு வெளியாளையா கூப்பிடுறது'ன்னாரு மாமனாரு. நானும் பச்சை லைட்டு போடவா சிவப்பு லைட்டு போடவான்னு கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். மாரீஸ்வரி பந்தல்ல உக்காந்திருந்தா. ஒரு சொட்டு அழுகல. எல்லாரும், பாரு என்ன நெஞ்சழுத்தம்னாய்ங்க. எனக்குத்தான் அப்புறம் தெரியும், அவ ஏன் அழுகலன்னு. வெள்ளிக்கெழமையானா கம்மாய்க்கரைக்குத் துணி தொவைக்கப் போற மாதிரிப் போயி தங்கச்சிகிட்டப் போன்ல பேசுவா. திருப்பூர்ல இருக்காளாம், ஒரு பொம்பளப் புள்ள பொறந்திருக்காம். இதை உலகத்துல ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னா. எங்கிட்ட.

நீங்களே சொல்லுங்க, இது கதையா இல்லையா? உசுரோட இருக்கவளுக்குக் கருமாதி! ஆவி காபி குடிச்சதையே சிரிச்சுக்கிட்டு எழுதுனவ, இதைச் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு வந்தவ, பாதியில பேனாவை மூடி வச்சுட்டா.

'இது ஒங்ககிட்ட சொன்னது. ஊருக்குச் சொன்னது இல்ல'ன்னா.

'பேரை மாத்திட்டேன்லடி! முனீஸ்வரியை ஜெகதீஸ்வரி ஆக்கிட்டேன், உன்னைய சர்வேஸ்வரி ஆக்கிட்டேன், எவனுக்குத் தெரியும்?'னேன்.

'எல்லாருக்கும் தெரியும்'னா. அதுக்கப்புறம் பேனாவைத் தொடல. சரி போன்னு நானே எழுதினேன். கையெழுத்து கோழி கிண்டுன மாதிரிதான் இருந்துச்சு. ஆனா கோயம்புத்தூர்காரரு என்ன எழுதினாரு தெரியுமா? 'கையெழுத்து மோசமாகிவிட்டது, கதை பிழைத்துவிட்டது. பிறகு என்ன ஆயிற்று?' அந்தக் கடுதாசியைச் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சேன்.

அப்பருந்து அந்த ஆளுக்குப் பேரே 'பிறகு'தான். நான் ஒரு அத்தியாயம் அனுப்புவேன், அவரு 'பிறகு?'ம்பாரு. புருசன் பொண்டாட்டி மாதிரி ஆயிட்டோம். ஒருநா எழுதுறாரு: 'ஜெகதீஸ்வரி இப்போது இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லையே. அந்தத் தெரு, அந்த வீடு, வாசகன் போய் நிற்க வேண்டாமா?' நியாயந்தானே. நான் மாரீஸ்வரிகிட்ட நைசா, 'என்னடி, தங்கச்சி வீடு எப்படியிருக்கு, மாடியா கீழயா, காத்து வருதா'ன்னு வெசாரிச்சேன். பாவம், நான் அக்கறையாக் கேக்குறேன்னு நெனச்சு அம்புட்டும் சொன்னா. பனியன் கம்பெனி சந்து, பச்சைக் கதவு, எதுத்தாப்புல பிள்ளையார் கோயிலு, மாடிப்படிக்குக் கீழ தையமிசினு. நான் அக்கறையாத்தாண்ணே கேட்டேன். நாவலுக்காகன்னா அது அக்கறை இல்லையா?

ஊரு பேரை மட்டும் எழுதல. அவ்வளவு வெவரம் இல்லாதவனா நான்? 'தி'ன்னு போட்டு நாலு புள்ளி வச்சேன்.

'பிறகு' ஆசிரியர் ரொம்ப சந்தோசப்பட்டாரு. சித்திரைக்கு அப்புறம் பத்திரிகையில தொடராப் போடுறேன், முடிவையும் எழுதி மொத்தமா அனுப்புங்கன்னு அத்தியாயம் பூராத்தையும் திருப்பி அனுப்புனாரு. 'இப்படைப்பு வேறெங்கும் வெளிவரவில்லை'ன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னாரு. கூடவே ஒரு வரி. இந்த வரியைக் கவனிங்க. என் வாழ்க்கையைக் கெடுத்த வரி. 'அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எங்கே தட்டுகிறதோ அங்கே திருத்துங்கள்.'

வாய்விட்டு வாசிக்கிறதுன்னா வாத்தியாருக்கு ஒரு வகை, எனக்கு ஒரு வகை. எனக்கு வாய்னா மைக்குதானே அண்ணே!

பங்குனிப் பொங்கல் வந்துச்சு. அம்மன் கோயில் முன்னாடி செட்டுப் போட்டு, கொழா கட்டி முடிச்சு, சாயங்காலம் டெஸ்டிங். எல்லாப் பயலும் 'ஹலோ மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ'ம்பான். எத்தனை வருசந்தான் ஒன் டூ த்ரீயே சொல்றது? நான் நாவலை எடுத்தேன். பொங்கப் பானைக்கு அடுப்புக் கூட்டிக்கிட்டு ஊரே உக்காந்திருக்கு. மொத ரெண்டு பக்கம் ஒருத்தனும் கண்டுக்கல. கருமாதிப் பந்தல் வந்துச்சா, ஒவ்வொருத்தியா அடுப்பை ஊதுறதை நிறுத்துறா. அப்படியொரு அமைதிண்ணே! அம்மனுக்கே அவ்வளவு அமைதி கெடைச்சதில்ல. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆகா, எழுத்தோட சக்தின்னா இதுதான்டா முத்திருளுன்னு, இன்னும் கொஞ்சம் எக்கோ வச்சேன்.

நாலு புள்ளி வந்துச்சு. இங்கதாண்ணே நீங்க என்னைப் புரிஞ்சுக்கணும். புள்ளியை மைக்குல எப்படி வாசிக்கிறது? 'தி'ன்னுட்டு சும்மா நின்னேன்னா, மைக் அவுட்டு, முத்திருளு செட்டு மோசம்னு பேராகிப்போகும். தொழில் கெட்டுப்போகும்ல? திருப்பூர்னே வாசிச்சேன்.

பனியன் கம்பெனி சந்துல வரும்போது கரண்டு போச்சு. எட்டிப் பாக்குறேன், ஒயரைப் பிடுங்கிக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா மாரீஸ்வரி. கூட்டத்துல எவளோ கால் தட்டிப் பிடுங்கிக்கிச்சு, இவ எடுத்துக் குடுக்க வந்திருக்கான்னு நெனச்சேன். 'வச்சுட்டுப் போடி, நான் பாத்துக்கிறேன்'னு சொல்லிட்டு ஜெனரேட்டரைப் போட்டேன். மிச்சத்தையும் வாசிச்சேன். பச்சைக் கதவு, பிள்ளையார் கோயிலு, மாடிப்படி, தையமிசினு. ஒரு இடத்துலயும் தட்டல. ஆசிரியர்கிட்டச் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டேன், எங்கயும் தட்டலைங்க ஐயான்னு.

வாசிச்சு முடிச்சா ஒருத்தனும் கை தட்டல. எம் மச்சினன் வீரணன், மாரீஸ்வரிக்கும் முனீஸ்வரிக்கும் கூடப்பொறந்தவன், மேடைக்குக் கீழ நின்னுக்கிட்டு இருந்தான். 'நல்லா எழுதியிருக்கீங்க மாமா'ன்னான். முதல் பாராட்டு! அன்னிக்கே ரெண்டு வண்டி திருப்பூருக்குக் கெளம்பிருச்சு.

ஒண்ணும் ஆகலண்ணே, பயப்படாதீங்க. ஏன் மூஞ்சி இப்படி வெளிறுது? வண்டி ஒத்துக்கலையா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கங்க. இவய்ங்க போறதுக்குள்ள அந்தப் புள்ள புருசனையும் கொழந்தையையும் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. அடுப்புல சோறு கொதிச்சுக்கிட்டே இருந்துச்சாம். தையமிசின்ல கொழந்தை கவுனு, பாதி தைச்சது, ஊசி குத்துன மேனிக்கே நின்னுச்சாம். நான் இங்க வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே மாரீஸ்வரி போன் போட்டிருக்கா. 'கேளு'ன்னுட்டு போனைக் கொழாய்ப் பக்கம் தூக்கிப் பிடிச்சாளாம். அந்தப் புள்ள கேட்டிருக்கு. என் நாவலைத் திருப்பூர்ல உக்காந்து கேட்ட ஒரே வாசகி! இதை எவன் எழுத்தாளன் சொல்லிக்க முடியும்?

அதோட மாரீஸ்வரி போயிட்டா. மதுரையில ஒரு பொம்பளப் புள்ளைக ஆஸ்டல்ல சமையலுக்கு இருக்கா. சண்டை கிண்டை ஒண்ணும் போடல. அவ எழுதிக்குடுத்தது இருக்கே, அந்த ஜமீன்தாரு, அதை மட்டும் எடுத்து அடுப்புல வச்சுட்டுப் போயிட்டா. நல்ல குதிரை, போச்சு.

நான் என்ன பண்ணுவேன்? 'பிறகு' ஆசிரியருக்கு எழுதினேன். 'ஐயா, நீங்க சொன்ன மாதிரியே வாய்விட்டு வாசிச்சேன். அடுத்த அத்தியாயம் தானா நடந்துருச்சு'ன்னு நடந்ததை அம்புட்டும் எழுதி, நாவலையும் கூட வச்சு அனுப்புனேன். எப்பவும் அஞ்சாறு நாள்ல 'பிறகு?'ன்னு வரும். ஒரு மாசம் சத்தமே இல்ல. அப்புறம் வந்துச்சு, ரிஜிஸ்தர் தபால்ல, அம்புட்டுப் பக்கமும். பிரிச்சுப் பாத்தா, திருப்பூர் வீட்டைப் பத்தி எழுதின பக்கம் பூராவும் மையை ஊத்தி மெழுகி வச்சிருக்காரு. பச்சைக் கதவு கறுப்பாகிக் கெடக்கு. பிள்ளையாருக்கும் மை! வர்ணனை கேட்டதே இந்த ஆளுதானே?

கூட ஒரு கடுதாசி. மனப்பாடமாத் தெரியும், சொல்றேன். 'முத்திருள், இதை நாங்கள் வெளியிடப் போவதில்லை. வேறு யாரும் வெளியிடவும் கூடாது. இடத்தைக் கேட்டது என் தவறு, அதற்கு நான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று தேடாதீர்கள். யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் இந்தக் கதையின் முடிவு. உங்கள் மனைவியிடம் போய்ப் பேசுங்கள்.'

பாத்தீங்களா, எழுத்தாளனை எப்படி நசுக்குறாய்ங்கன்னு? முடிவு எழுது எழுதுன்னு உசுரை வாங்குனவரு, இப்ப முடிவே இல்லாததுதான் முடிவுங்குறாரு. முடிவு இல்லாத கதையை எவன்ணே காசு குடுத்து வாங்குவான்? பந்தல்ல பாட்டைப் பாதியில நிறுத்துனா மைக் செட்டுக்காரனை அடிக்க வர்றாய்ங்க. நான் பதில் எழுதினேன்: 'ஐயா, வேறெங்கும் வெளிவரவில்லைன்னு கையெழுத்துப் போட்டேனே, மைக்குல வாசிச்சது வெளிவந்ததுல சேருமா, அதுக்குத்தான் கோவமா?' பதில் இல்ல. 'முடிவைக் கண்டுபிடிச்சுக் குடுத்தாப் போடுவீங்களா?' பதில் இல்ல. ஒரு வருந்துகிறோம் கூட இல்லண்ணே! மதுரைக்காரராவது வருந்துனாரு.

பொண்டாட்டிகிட்டப் பேசச் சொன்னாரேன்னு ஆஸ்டலுக்கும் போனேன். சும்மா போகல, அல்வா வாங்கிட்டுத்தான் போனேன். வெளிய வந்தா. கையெல்லாம் மாவு. 'என்ன வேணும்?'னா.

'முனீஸ்வரி இப்ப எங்கடி இருக்கா? நீ சொன்னேன்னா நாவலை முடிச்சிடுவேன், நாம பழைய மாதிரி இருக்கலாம்'னேன்.

கை மாவை முந்தானையில தொடைச்சா. அப்புறம் சொன்னா, 'எனக்கே தெரியாது. அவ போன் பண்ணுனா. எங்க இருக்கேன்னு சொல்ல வந்தா. சொல்லாதடின்னு நாந்தான் வச்சுட்டேன். அதுக்கப்புறம் பேசுறதில்ல. தெரிஞ்சா என்னிக்காவது தூக்கத்துல ஒளறிருவேன்'னா. கதவைச் சாத்திட்டா. அல்வாவை வாட்ச்மேன் தின்னாரு.

கூடப்பொறந்தவகிட்டப் பேச மாட்டாளாம்! என்ன கல் நெஞ்சு பாருங்க. அன்னிக்குக் கருமாதியில சொன்னாய்ங்கள்ல நெஞ்சழுத்தம்னு, சரியாத்தான் சொல்லியிருக்காய்ங்க.

ஆனா நல்ல வாசகன் இல்லாமப் போகலண்ணே. வீரணன் இருக்கான்ல, எம் மச்சினன். பொண்டாட்டியே போயிட்டா, அவன் மட்டும் வாரம் தவறாம வீட்டுக்கு வந்துருவான். 'மாமா, கதை எதுவரைக்கும் வந்திருக்கு? ஏதாச்சும் தகவல் கெடைச்சுதா?'ம்பான். ஒக்காந்து பக்கம் பக்கமா வாசிக்கச் சொல்லிக் கேப்பான். மை பூசின பக்கத்தைக் காட்டி, 'இங்க என்ன இருந்துச்சு மாமா, ஞாபகம் வருதா'ம்பான். எந்த ஆசிரியருக்கு இந்த ஆர்வம் இருக்கு? 'முடிவு தெரிஞ்சா மொதல்ல எனக்குத்தான் சொல்லணும் மாமா'ன்னு சத்தியம் வாங்கியிருக்கான். இந்தப் பயணத்துக்கே அவந்தான் ஏற்பாடு.

என்ன தகவல்னா, போன மாசம் ஒரு கல்யாணத்துல ஈரோட்டு சவுண்டு சர்வீஸ்காரர் ஒருத்தரைப் பாத்தேன். தொழில்காரய்ங்க, கதை பேசுவோம்ல. ஆம்ப்ளிபயருக்கு உறை தைக்கக் குடுத்த கடையில ஒரு பொண்ணு எங்க பக்கத்துப் பேச்சு பேசுச்சாம். 'அருப்புக்கோட்டையாம்மா?'ன்னு இவரு கேட்டிருக்காரு. கையில இருந்த கத்திரி கீழ விழுந்துருச்சாம். 'இல்லைங்க'ன்னுட்டு உள்ள போயிருச்சாம். அவதான்! எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. நாவலுக்கு என்னா எடம் பாருங்க, கத்திரி விழுறது! ஈரோடு மார்க்கெட்டுக்குப் பின்னாடி, பேன்சி ஸ்டோருக்கு மாடி. இதைத்தாண்ணே உங்ககிட்டக் கேக்க வந்தேன். பஸ் ஸ்டாண்டுல இறங்கி எப்படிப் போறது?

நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்ணே. கீழ நின்னு ஒரு பார்வை. கொழந்தை எப்படியிருக்கு, கதவு என்ன கலரு, அம்புட்டுத்தான். மிச்சத்தை எழுதிக்குவேன். வீரணன் கார்ல பின்னாடி வந்துக்கிட்டு இருக்கான், ரெண்டு மூணு பயலுகளோட. அவனுக்குப் போன்ல இடத்தைச் சொல்லிட்டா என் வேலை முடிஞ்சது. தங்கச்சியப் பாக்கணும்னு ஆசை இருக்காதா அவனுக்கும்?

சொல்லுங்கண்ணே, எந்தப் பக்கம் போகணும்? கரூரே தாண்டியாச்சு.

என்ன? உங்களுக்குத் தெரியுமா அந்தக் கடையை? அட, முன்னாடியே சொல்லக் கூடாது? காலி பண்ணிட்டாய்ங்களா! எப்போ? எங்க போனாய்ங்க... கொடுமுடியா? நெசமாவா? உங்களுக்குச் சொந்தக்காரவுக வீட்டுலயா குடியிருக்காய்ங்க! எனக்கு உங்களை அந்த மகமாயிதாண்ணே இந்த சீட்டுல உக்கார வச்சிருக்கா.

ஒசரமா, செவப்பாவா? நம்ம முனீஸ்வரி கட்டையாத்தானே இருப்பா, அதுவும் என்னைய மாதிரிக் கறுப்பு. சரி, ஊரு மாறுனா தண்ணி மாறுது, செவத்திருப்பா. ரெண்டும் ஆம்பளப் பசங்களா? பொம்பளப் புள்ளன்னுல்ல மாரீஸ்வரி சொன்னா... அவ என்னிக்கு எங்கிட்ட உண்மை பேசுனா, விடுங்க. புருசன் லாரி ஓட்டுறானா? தையல்ல என்ன வருது, ஓட்டட்டும். ஆத்தங்கரைப் பக்கம் போயிக் கேட்டாச் சொல்லுவாய்ங்களா? சரி, சரி.

கண்டக்டரே, கொடுமுடி ஒண்ணு நிப்பாட்டுங்க! ஈரோட்டுக்கு எடுத்தா என்ன, மிச்சக் காசை நீங்களே வச்சு அல்வா தின்னுங்க.

வர்றேண்ணே. வீரணனுக்கு இப்பவே அடிச்சுச் சொல்லிடறேன், ஈரோட்டுப் பக்கமே போகாத, நேரா கொடுமுடிக்கு வந்துருன்னு. கை குடுங்க. இத்தனை ஆசிரியனுக்குக் கடுதாசி போட்டு என்ன கண்டேன்? கதைக்கு ஒரு முடிவு குடுத்தது நீங்கதான். புஸ்தகத்துல மொதப் பக்கத்துலயே உங்களுக்கு நன்றி போடுறேன்.

அண்ணே, ஜன்னலைச் சாத்தாதீங்க! பேரைச் சொல்லலையே! பேரு என்னண்ணே? அண்ணே!

சரி போங்க. நாலு புள்ளி வச்சுக்கிறேன்.